விட்ட பிடியும் அடுத்த பந்தும்

பெரும் போட்டிகளின் பருவம் முடிந்து, கொழும்புப் பாடசாலை மைதானங்களில் கூடாரங்கள் கழற்றப்பட்ட பின்னர்தான் இந்தப் பகுதிக்கு அதிகமான கடிதங்கள் வருவது வழக்கம். வென்றவர்கள் எழுதுவதில்லை. இம்முறை ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டேன். அவற்றை எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள்; எனினும் விளையாட்டில் பிழை விட்ட பின் என்ன செய்வது என்ற ஏறக்குறைய ஒரே விடயத்தையே கேட்டிருக்கிறார்கள். முதற் கடிதத்துக்கான பதில் நீண்டுவிட்டது. மற்றவர்களுக்கும் அது பயன்படும் என்பதால் சுருக்காமல் விட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் தரம் 9இல் படிக்கிறான், பாடசாலையின் 15 வயதுக்குட்பட்ட துடுப்பாட்ட அணியில் விளையாடுகிறான். மூன்று வாரங்களுக்கு முன் நடந்த போட்டியில், எதிரணியின் கடைசி இருவரும் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், உயர எழுந்த பந்து நேராக அவனிடம் வந்தது. அவன் அதைத் தவறவிட்டான். அடுத்த ஓவரிலேயே எதிரணி வென்றுவிட்டது. யாரோ எடுத்த காணொளி அன்றிரவே வகுப்பு வட்ஸ்அப் குழுவில் சுற்றியது. பாடசாலை வானில் அவனுக்கு ‘ஓட்டை வாளி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீடு திரும்பும்போது, காலி வீதி நெரிசலில் ஒரு மணி நேரமாக, அந்தப் பந்தை எப்படிப் பிடித்திருக்க வேண்டும் என்று அவனுடைய தந்தை விளக்கிக்கொண்டே வந்தார். மாமா வந்து துடுப்பாட்ட வீரர் மார்வன் அத்தப்பத்துவின் கதையைச் சொன்னார். இப்போது பயிற்சி நாள் வந்தாலே வயிற்றுவலி என்கிறான். ‘மறந்துவிடு’ என்று எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. அவனுடைய மனதை எப்படி உறுதியாக்குவது?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சகோதரி, பந்து அவனுடைய கையில் பட்டுத் தரையில் விழுவதற்கு ஒரு நொடிகூட எடுத்திராது. அதன் பின் நடந்தவை அப்படிப்பட்டவையல்ல: காலி வீதியில் ஒரு மணி நேரம், இரவு முழுவதும் சுற்றிய காணொளி, மூன்று வாரங்களாக நாளுக்கு இருமுறை வான் பயணம். அவனுடைய மனதில் தைத்திருப்பது தவறிய பிடி மட்டுமே என்று எண்ணினால், வைத்தியத்தைப் பிழையான இடத்தில் தொடங்கிவிடுவோம்.

முதலில் வயிற்றுவலியைப் பார்ப்போம். அதை நடிப்பென்று எண்ண வேண்டாம். அச்சம் எழும்போது உடல் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ ஆயத்தமாகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, செரிமானத்துக்குச் செல்ல வேண்டிய இரத்தம் தசைகளை நோக்கித் திருப்பப்படுகிறது. வயிறு பிசைவது அதனால்தான். பயிற்சிக்குப் போக வேண்டாம் என்று நீங்கள் சொன்னதும் வலி தணிவதும் உண்மையே. ஆனால் தவிர்ப்பதால் ஒவ்வொரு முறையும் நிம்மதி கிடைப்பதனால், அடுத்த முறை வலி இன்னும் முன்னதாகவே வரப் பழகிக்கொள்ளும். ஆகவே வைத்தியரிடம் ஒருமுறை காட்டி வேறு நோய் இல்லையென்று உறுதிசெய்துகொண்ட பின்னர், மைதானத்துக்குப் போவதை முற்றாக நிறுத்தாமல் சிறிய அளவிலேனும் தொடரச் செய்யுங்கள். அரை மணி நேரம் போய், நண்பர்களுடன் இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்தாலும் போதும்.

அடுத்ததாக, ‘மறந்துவிடு’ என்பதை விட்டுவிடுங்கள். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்கெல்லாம் தெரியும். 1987ஆம் ஆண்டு டானியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஏறக்குறைய அதையே பரிசோதித்தார்கள். குரங்குக்குப் பதிலாக அங்கே வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடங்களுக்கு வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று மாணவர்களிடம் கூறி, நினைவு வரும்போதெல்லாம் மணியை அடிக்கச் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்னர் நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்களே கரடியை அதிகமாக நினைத்தார்கள். உங்கள் மகன் மறக்க முயன்றுகொண்டிருக்கிறான் என்பதுதான் சிக்கல்.

மறக்கச் சொல்வதற்குப் பதிலாக ஒரே ஒரு முறை முழுமையாகச் சொல்ல விடுங்கள். எங்கே நின்றான், வெயில் எந்தப் பக்கம் இருந்தது, பந்து எழுந்ததும் முதலில் என்ன தோன்றியது, கால்கள் எப்போது நகர்ந்தன என்று அவன் போக்கில் சொல்லட்டும். இடையில் திருத்த வேண்டாம். நான் பேசிப் பார்த்த பிள்ளைகளில் பலர், பந்து இறங்கிக்கொண்டிருந்தபோதே ‘விட்டுவிட்டால் என்ன ஆகும்’ என்று நினைத்ததாகக் கூறியிருக்கிறார்கள். இது முக்கியமான தகவல். நாற்பது வருடம் கோலம் போட்ட கை, யாரோ பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள் என்றதும் புள்ளிகளை எண்ணத் தொடங்கினால் இழை கோணிப்போகும். பழகிய செயலுக்குள் கவலை நுழையும்போது கைகளும் அப்படித்தான் இறுகுகின்றன. இறுகிய கையிலிருந்து பந்து தெறிக்கும். அவனுக்குப் பிடிக்கத் தெரியாது என்பதற்கு அந்தக் காணொளி சான்றாகாது என்பதை அவனே கண்டுபிடிக்கும்படி பேச்சை நகர்த்துங்கள்.

நீங்கள் கேட்ட மன உறுதிக்கு வருகிறேன். எதுவும் உறைக்காமல் தோல் தடித்துப்போவதையே மன உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். மைதானத்தில் அதற்கு இதைவிடச் சிறிய பொருள்தான் உண்டு. பிழை விட்ட பின் அடுத்த பந்துக்கு எவ்வளவு விரைவில் திரும்பி வருகிறான் என்பதே அது. அது பயிற்சியால் வருவது. வேகப்பந்து வீச்சாளர் திரும்பி நடந்து மீண்டும் ஓடிவருவதற்குள் அரை நிமிடம் அளவில் இடைவெளி உண்டு. ஒன்றும் செய்யாமல் நிற்பவனுக்கு அந்த அரை நிமிடம் முழுவதும் விட்ட பிடிதான் தெரியும். ஆகவே அதற்கென்று ஒரு வேலை வைத்திருக்க வேண்டும்: ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி இரண்டடி நடப்பது, உள்ளிழுத்ததைவிட நீண்ட நேரம் மூச்சை வெளிவிடுவது, ஒரு சிட்டிகை புல்லைக் கிள்ளி எறிவது, பின்னர் திரும்பி, தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு சொல்லைச் சொல்லியபடி பந்துவீச்சாளரின் கையைப் பார்ப்பது. நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். மற்றவை கவனத்துக்குக் கைபிடித்து நடக்க ஒரு வழி. சொல் ‘அடுத்தது’ என்றும் இருக்கலாம், ‘வா’ என்றும் இருக்கலாம். அதை அவனே தெரிவு செய்யட்டும். கென் ரவிஸா என்ற அமெரிக்க விளையாட்டு உளவியலாளர் இதற்கென்று ஒரு பொம்மைக் கழிவறையையே பயன்படுத்தினார். தாம் துணைநின்ற ஃபுலர்டன் பல்கலைக்கழக பேஸ்போல் அணியினர் பிழை விட்டால், அதில் தண்ணீரை இழுத்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த அணி 2004இல் கல்லூரிகளுக்கான உலகத் தொடரை வென்றது. வெற்றிக்குக் காரணம் கழிவறை என்று நான் சொல்ல வரவில்லை; ஆனால் சிரித்துக்கொண்டே திரும்புவதற்கு ஒரு வழி இருந்தது என்பது சிறிய விடயமல்ல.

இந்த ஒழுங்கைப் போட்டியன்று முதன்முறையாக முயன்றால் அது வராது. பயிற்சியில் விடும் ஒவ்வொரு பிழைக்கும் பின்னால், எவ்வளவு சிறிய பிழையாயினும், அதைச் செய்து பழக வேண்டும். உயரப் பந்தையும் படிப்படியாகத்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். மாலையில் வெள்ளவத்தைக் கடற்கரையில் டென்னிஸ் பந்தால் தொடங்குங்கள். எறிபவர் தந்தையாக இருக்க வேண்டாம், தோழன் ஒருவன் எறியட்டும். சில நாட்களின் பின் கடினப்பந்து. அதன் பின் பயிற்றுவிப்பாளரிடம் சொல்லி, சுற்றி நின்று மற்றவர்கள் சத்தமிட, அவன் பிடிக்கும்படி செய்யலாம். அவனைப் பந்தே வராத இடத்தில் ஒளித்து வைக்க வேண்டாம் என்றும் பயிற்றுவிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரக்கத்தினால் செய்தாலும், அந்த இடமாற்றத்தின் பொருள் பிள்ளைக்கு உடனே விளங்கிவிடும்.

மாமா சொன்ன கதை உண்மையானது. அத்தப்பத்து 1990இல் தன் முதலாவது டெஸ்ட் போட்டியில் இரண்டு இன்னிங்ஸிலும் பூச்சியம் பெற்றார். 1992இல் பூச்சியமும் ஒன்றும். 1994இல் மீண்டும் இரண்டு பூச்சியங்கள். ஆறு இன்னிங்ஸில் ஒரு ஓட்டம். அவர் இறுதியில் 5502 டெஸ்ட் ஓட்டங்களையும், ஆறு இரட்டைச் சதங்கள் உட்பட 16 சதங்களையும் குவித்து, நாட்டின் அணித்தலைவராகவும் இருந்தார். எனினும் இந்தக் கதை பதினான்கு வயதுப் பிள்ளையைவிட மாமாக்களுக்கே அதிக ஆறுதல் தருகிறது என்பது என் அனுபவம். அவனுக்கு நாளைக் காலை ஆறரை மணிக்கு வானில் ஏற வேண்டும்; ஏழு வருடங்கள் கழித்து வரும் சதம் அதற்கு உதவாது. பின்னொரு நாள், அவன் மீண்டும் மைதானத்தில் நிற்கும்போது, அந்தப் பூச்சியங்களுக்கு இடையிலான ஆண்டுகளில் அத்தப்பத்து என்ன செய்துகொண்டிருந்திருப்பார் என்று கேளுங்கள். அப்போது கதை பயன்படும்.

காணொளியை அகற்றும்படி வகுப்பாசிரியரிடம் அமைதியாகக் கேளுங்கள். குழுவில் நீங்களே போய்ச் சண்டையிட்டால் அடுத்த வாரமும் அவன்தான் பேசுபொருளாவான். வான் சாரதியிடமும் ஒரு வார்த்தை சொல்லலாம். கணவரிடம் குறைகூறித் தொடங்க வேண்டாம். பிள்ளையின் தோல்வியைத் தாங்க முடியாத தந்தையர்தான் வாகனத்தில் அதிகம் பேசுகிறார்கள். அதுவும் ஒருவகை வலி. போட்டி முடிந்த நாளில் பிள்ளை தானாகத் தொடங்கினாலன்றி ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை, பசிக்கிறதா என்று மட்டும் கேட்பது என்று இருவரும் உடன்பட்டுக்கொள்ளுங்கள்.

தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, பாடசாலைக்கே போக மறுத்தல், தன்னைத்தானே வெறுத்துப் பேசுதல் ஆகியவை தொடர்ந்தால் இந்தப் பத்தியை நம்பியிருக்க வேண்டாம். தேசிய மனநல உதவிச் சேவையின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்; பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் சிறுவர் உளநல மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: சேர், எனக்குப் பதினாறு வயது. உதைபந்தாட்ட அரையிறுதியில் கடைசி பெனால்டியை நான்தான் உதைத்தேன். கம்பத்துக்கு மேலால் போய்விட்டது. என்னால்தான் அணி தோற்றது. இனிமேல் பெனால்டி உதைக்கக் கூடாது என்று முடிவுசெய்திருக்கிறேன். இது சரியா?
– மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, உனக்கு முன் உதைத்தவர்களில் யாராவது தவறவிட்டார்களா? நீ எழுதவில்லை. 1994ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இத்தாலியின் ரொபர்ட்டோ பாஜியோ உதைத்த பந்தும் கம்பத்துக்கு மேலாலேயே போனது. பிரேசில் 3–2 என்ற கணக்கில் வென்றது. அந்தக் காட்சி முப்பது வருடங்களாகக் காட்டப்படுகிறது. ஆனால் அன்று அவருக்கு முன்னரே பாரேசி, மஸாரோ என்ற இரு இத்தாலியர்கள் தவறவிட்டிருந்தார்கள் என்பதையும், பாஜியோ கோல் அடித்திருந்தாலும் பிரேசிலுக்கு இன்னும் ஓர் உதை மீதமிருந்தது என்பதையும் சொல்பவர்கள் குறைவு. மேலும், பெனால்டி வரை ஆட்டம் போனதென்றால், அதற்கு முந்திய நேரம் முழுவதும் இரு அணியினரும் முடிவைக் காணவில்லை என்பதுதானே பொருள்? கடைசியாக நடப்பது கண்ணில் நிற்கும். அதுவே காரணம் என்று மனம் எழுதிக்கொள்ளும். நீ தவறவிட்டாய் என்பது உண்மை, அதை மறைக்க வேண்டாம். உன்னால்தான் தோற்றது என்பது கணக்குப் பிழை.

பாஜியோ நான்கு வருடங்களின் பின், 1998 உலகக் கிண்ணத்தில், சிலிக்கு எதிரான முதற் போட்டியிலேயே பெனால்டி உதைத்துக் கோல் அடித்தார். பிரான்சுக்கு எதிரான காலிறுதியிலும் இத்தாலியின் முதல் உதையை எடுத்து அடித்தார். அந்த ஆட்டத்தில் இத்தாலி தோற்றது. தவறவிட்டவர்கள் வேறு இருவர். ஆகவே இதைப் பழிதீர்த்த கதையாக வாசிக்காதே. அவர் மீண்டும் அந்தப் புள்ளிக்கு நடந்து போனார் என்பதை மட்டும் எடுத்துக்கொள்.

உன் முடிவைப் பற்றிச் சொல்வதானால், ஒரு மாதத்துக்குத் தள்ளிவை. தோற்ற வாரத்தில் எடுக்கும் முடிவுகள் அநேகமாகக் கோபத்தின் முடிவுகள். அந்த மாதத்தில் ஒவ்வொரு பயிற்சியின் இறுதியிலும், களைத்திருக்கும்போதே, ஐந்து உதைகள் எடு. எந்த மூலை என்பதைப் பந்தை வைப்பதற்கு முன்னரே முடிவுசெய், ஓடிவரும்போது மாற்றாதே. அவசரப்படாதே. சர்வதேசப் போட்டிகளின் பெனால்டி உதைகளை ஆராய்ந்த கெய்ர் யோர்டெட் என்ற நோர்வே நாட்டு ஆய்வாளர், நடுவரின் விசில் கேட்டதுமே பாய்ந்து உதைத்தவர்கள் கூடுதலாகத் தவறவிட்டதைக் கண்டறிந்தார். அந்த இடத்தைவிட்டு எப்போது தப்பலாம் என்ற தவிப்புதான் அந்த அவசரம். விசில் கேட்டபின் ஒரு மூச்சு எடு, பிறகு ஓடு. மாதம் முடிந்தபின்னும் உதைக்க விருப்பமில்லையென்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அணியில் பதினொரு பேர் இருக்கிறார்கள்.

கேள்வி: இல்ல விளையாட்டுப் போட்டியின் அஞ்சலோட்டத்தில் மூன்றாவதாக ஓடிய நான் கோலைக் கைமாற்றும்போது விழுத்திவிட்டேன். நான்காவதாக நின்ற தோழி இன்னும் என்னுடன் கதைப்பதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
– மாணவி, தரம் 10, கிருலப்பனை

பதில்: மகள், கோல் மாற்றத்தில் நான்கு கைகளல்ல, இரண்டு கைகள்தான் சம்பந்தப்படுகின்றன, ஆனால் இரண்டு என்பது ஒன்றல்ல. இருவரும் சேர்ந்து எத்தனை நாட்கள் மாற்றிப் பழகினீர்கள்? இல்லப் போட்டிகளுக்கு நம் பாடசாலைகளில் ஒரு வாரப் பழக்கம் கிடைத்தாலே பெரிது என்பதை நான் அறிவேன்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஆண்கள், பெண்கள் ஆகிய இரு 4x100 மீற்றர் அணிகளும் ஒரே மாலையில், முதற் சுற்றிலேயே, கோலை விழுத்தின. பெண்கள் அணியில் கடைசியாக ஓட நின்ற லோரின் வில்லியம்ஸ், மற்ற அணிகள் எங்கோ போய்விட்ட பின்னும், திரும்பிச் சென்று விழுந்த கோலை எடுத்துக்கொண்டு எல்லைக் கோடு வரை ஓடி முடித்தார். நான்கு வருடங்களின் பின் இலண்டனில் அந்நாட்டுப் பெண்கள் 40.82 செக்கனில் உலக சாதனையுடன் தங்கம் வென்றபோது, முதற் சுற்றில் ஓடியவர் என்ற வகையில் அவருக்கும் ஒரு பதக்கம் கிடைத்தது.

தோழியிடம் நீயே முதலில் போ. நீண்ட மன்னிப்புப் பேச்சு வேண்டாம். “விழுந்ததில் எனக்குக் கவலை, அடுத்த வருடம் ஓடுவதென்றால் நாம் இருவரும் முன்கூட்டியே பழகுவோமா” என்று கேள். பதில் அன்றே வர வேண்டுமென்று எதிர்பார்க்காதே.

கேள்வி: என் மகள் பட்மின்டன் விளையாடுகிறாள். ஒவ்வொரு போட்டியிலும் அவள் விடும் பிழைகளைக் கொப்பியில் குறித்து, இரவில் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். பிழைகள் குறைந்தபாடில்லை. மனைவி இது கூடாதென்கிறாள். உங்கள் கருத்து என்ன?
– ஒரு தந்தை, வத்தளை

பதில்: உங்கள் மனைவி சொல்வது சரி. பட்மின்டனில் 21–19, 21–19 என்று நேராக வென்ற பிள்ளைகூட 38 புள்ளிகளை இழந்திருக்கிறாள். உங்கள் கொப்பியில் அந்த வெற்றி 38 வரிகளாக இருக்கும். ரொஜர் ஃபெடரர் 2024இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசும்போது, தான் ஆடிய 1526 ஒற்றையர் போட்டிகளில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வென்றபோதிலும், புள்ளிகளில் வென்றது 54 சதவீதமே என்று குறிப்பிட்டார். உலகின் முதல் நிலையில் நின்றவர் ஏறக்குறைய இரண்டு புள்ளிக்கு ஒன்றை இழந்துகொண்டே இருந்திருக்கிறார்.

கொப்பியை எறிய வேண்டாம், உரிமையை மாற்றுங்கள். அவளே எழுதட்டும், போட்டிக்கு அடுத்த நாள், மூன்று வரிகளுக்கு மேற்படாமல்: சரியாக வந்த ஒன்று, வராத ஒன்று, அதற்காக இந்த வாரம் பழகப்போவது ஒன்று. நீங்கள் கேட்காமல் அவள் காட்டினால் வாசியுங்கள். போட்டியின்போது பேனா இல்லாமல் உட்கார்ந்திருப்பது முதல் இரண்டு வாரங்களுக்குச் சிரமமாக இருக்கும். கையில் ஒரு பக்கெற் கடலை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கரப்பந்தாட்ட அணிக்குப் பொறுப்பான இளம் ஆசிரியை. பிழை விட்டால் மைதானத்தை இரண்டு சுற்று ஓடவைப்பது எங்கள் பாடசாலையில் நெடுநாள் வழக்கம். அப்படிச் செய்தால்தான் மனம் திடப்படும் என்று மூத்தவர்கள் கூறுகிறார்கள். போட்டிகளில் எங்கள் பிள்ளைகள் மிகவும் பயந்து விளையாடுகிறார்கள்.
– ஆசிரியை, தெஹிவளை

பதில்: உங்கள் கடைசி வசனமே மூத்தவர்களின் கூற்றுக்குப் பதிலளித்துவிட்டது, மிஸ். தண்டனைக்கு அஞ்சும் பிள்ளை பிழையைக் குறைக்க ஒரு எளிய வழியைக் கண்டுபிடிப்பாள்: பந்து தன்னிடம் வராத இடமாகப் பார்த்து நிற்பாள்; வந்தாலும் அடிக்காமல் தள்ளிவிடுவாள். பிழை குறையும், ஆட்டமும் குறையும். ஓட்டம் தண்டனையென்று பழகிய பிள்ளை பிற்காலத்தில் உடலுக்காகவும் ஓடமாட்டாள்.

இதை நான் மேடையில் நின்று சொல்லவில்லை. ஆசிரியராகச் சேர்ந்த ஐந்தாவது வருடமோ ஆறாவது வருடமோ, வலய மட்டப் போட்டியொன்றில், வெற்றிக்கு ஒரு புள்ளி இருக்கையில் என் மாணவி ஒருத்தி பணிப்பந்தை (சேர்வ்) வலையில் அடித்துவிட்டாள். இரு பாடசாலைகளும் பார்த்திருக்க நான் எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்பது எனக்கு நினைவில்லை. அவளுக்கு அடுத்த முறை பணிப்பந்து வந்தபோது, அவள் மேற்கையால் அடிக்கும் பழக்கத்தை விட்டு, சிறு பிள்ளைபோலக் கீழ்க்கையால் மெதுவாக எழுப்பினாள். ஆட்டத்தை வென்றோம். அடுத்த வருடம் அவள் அணிக்கு வரவில்லை. படிப்பு என்றாள், நானும் நம்பினேன். பல வருடங்களின் பின் பம்பலப்பிட்டி பஸ் தரிப்பிடத்தில் சந்தித்தபோது, பிள்ளைகள், வேலை, என் முழங்கால் வலி என்று எல்லாவற்றையும் கதைத்தாள். கரப்பந்தாட்டத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மாலைக்குப் பின்னர்தான் இந்த விடயங்களைப் படிக்கத் தொடங்கினேன்.

ஓட்டத்தின் இடத்தில் வேறொன்றை வையுங்கள், வெறுமையாக விட்டால் பழைய வழக்கம் திரும்பிவிடும். பிழை விட்ட பிள்ளைக்கு அதே பந்தை உடனே இன்னொரு முறை கொடுங்கள். அருகில் நிற்கும் இருவர் வந்து அவளுடைய கையைத் தட்டிவிட்டுத் தம் இடத்துக்குப் போகட்டும். பெரிய அணிகள் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும், இழந்த புள்ளிக்குப் பின்னும்கூட, நடுவில் கூடி அதைத்தான் செய்கின்றன. வாரத்தில் ஒரு நாள், 24–24 என்று பலகையில் எழுதிவைத்து, அங்கிருந்தே ஆட்டத்தைத் தொடங்குங்கள். அந்த எண்களைப் பார்த்து நடுங்குவது பத்தாவது தடவையில் குறையும். பணிப்பந்து வலையில் படுவதற்குத் தண்டனை வேண்டாம், வலையின் மேற்புறத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, அதற்கு மேலால் அனுப்பச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, அடுத்த போட்டியில் நீங்கள் பந்தைப் பார்க்கும்போது உங்கள் முகத்தை யாராவது கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடம் படம் பிடிக்கட்டும். நான் என்னுடையதைப் பார்த்திருக்கிறேன். மூத்தவர்களிடம் வாதிட வேண்டியதில்லை. ஒரு தவணைக்கு அனுமதி கேளுங்கள், தவணை முடிவில் எத்தனை பிள்ளைகள் அணியில் மீதமிருக்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள்.